கட்சுராவில் அவர்கள் பார்த்தது எதை?

மூங்கில்பாலம்:
ஜப்பானிய அழகியல் இன்றைய கட்டடக்கலைக்கு வெறும் மேல்பூச்சுதான் என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. அது அஸ்திவாரத்திலேயே கலந்திருக்கிறது.

1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பான் ‘ஹோ-ஓ-தென்’ என்ற மரக்கூடத்தைக் கட்டியது. பெட்டி பெட்டியாக அறை பிரித்து வாழ்ந்த ஊரில், நகரும் தடுப்புகளும் சுவரைத் தாண்டி நீளும் கூரையுமாக ஒரு கட்டடம். அதே ஊரில் தொழில் தொடங்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், 1905-ல் ஜப்பானுக்கே போனார். தேவையற்றதைக் கழிக்கக் கற்றது ஜப்பானிய மர அச்சோவியங்களிடம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1933 மே மாதம் ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டாவுட் ஜப்பானில் இறங்கிய மறுநாளே கியோட்டோவின் கட்சுரா மாளிகையைப் பார்த்துச் சொக்கிப்போனார். பௌஹவுஸ் என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிய வால்டர் குரோப்பியஸ் 1954-ல் போனார். தரையில் விரிக்கும் தத்தாமி பாய் ஓர் அளவு, பாயை வைத்து அறை, அறையை வைத்து வீடு. பாரம் முழுக்கத் தூணில், சுவருக்குச் சுமை இல்லை. எதிர்காலத்துக்கென்று தாங்கள் வரைந்துகொண்டிருந்தது 17-ம் நூற்றாண்டிலேயே எழுந்து நிற்பதைக் கண்டார்கள்.

சுண்ணாம்புச்சுவர்:
உங்கள் கடைசி வரியைத்தான் நானும் பிடித்துக்கொள்கிறேன். தாங்கள் வரைந்ததையே அங்கே கண்டார்கள். மற்றது கண்ணில் படவில்லை.

கட்சுரா தோட்டத்தில் ஷோகின்-தெய் என்ற தேநீர் மனை இருக்கிறது. அதன் நகரும் கதவிலும் மாடத்திலும் நீலமும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய சதுரக் கட்டம் ஒட்டியிருப்பார்கள். நம் வீட்டுச் சதுரங்கப் பலகையைச் சுவரளவுக்குப் பெரிதாக்கியதுபோல் இருக்கும். ‘வெறுமை, எளிமை’ என்று புகழ்ந்தவர்கள் இதை எங்கே வைத்தார்கள்? புகைப்படக் கலைஞர் இஷிமோட்டோ யாசுஹிரோ 1950-களில் எடுத்த கட்சுராப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1960-ல் அவை புத்தகமானபோது வளைந்திறங்கும் கூரையைப் பல படங்களில் வெட்டிவிட்டார்கள். கூரை போனால் மிஞ்சுவது தூணும் கட்டமும். பார்க்க அப்படியே நவீன ஓவியம். இதைப் பின்னாளில் சுட்டிக்காட்டியவர்களில் இசோசாகி அராடாவும் ஒருவர், அவரே ஜப்பானிய கட்டடக் கலைஞர். பொன்னும் செதுக்குமாக இழைத்த நிக்கோ தோஷோகு கோயிலை டாவுட் மட்டமாகப் பேசினார். அதுவும் அதே 17-ம் நூற்றாண்டு, அதே ஜப்பான். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தள்ளிவிட்டு ‘ஜப்பானிய அழகியல்’ என்று பெயரிட்டது யார்?

சைட்வேலை:
நான் இருபது வருஷமா சைட்டுல நிக்கிறவன். புத்தகம் தெரியாது, சுவர் தெரியும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வீட்டுக்காரர் போன்ல ஜப்பான் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோவோட ‘ஒளியின் தேவாலயம்’ படத்தைக் காட்டினார். ஒசாகா பக்கத்துல இருக்கு, 1989. “இதே மாதிரி கான்கிரீட்டை அப்படியே விட்டுடுங்க, பூச்சு மிச்சம்”னார். மிச்சமே கிடையாதுங்க. ஆண்டோ சுவரைக் கிட்டத்துல பாருங்க. கான்கிரீட் ஊத்த அடைச்ச பலகை ஒவ்வொண்ணும் 90-க்கு 180 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தத்தாமி அளவு. ஒவ்வொரு பலகைக்கும் அதை இறுக்கிப் பிடிச்ச கம்பியோட ஆறு துளை, எல்லாம் நேர்கோட்டுல. ரெண்டு பலகை சேர்ற இடத்துல சிமென்ட் பால் கசியக்கூடாது, கசிஞ்சா மணல் தனியா தெரியும். அங்க அந்தப் பலகையை அடைக்கிறவர் தச்சர், தலைமுறையா மரம் இழைச்ச கை. இங்க பலகை அடைக்கிற நம்ம சென்ட்ரிங் ஆளும் கெட்டிக்காரர்தான். ஆனா அவருக்கு நாம சொல்லிக் கொடுத்தது “எப்படியும் பூசிடுவோம், சீக்கிரம் முடி”ங்கிறது.

அந்த வீட்டுக்காரர் சுவர்ல பலகை பிரிச்சப்போ அடியில ஒன்றரை அடிக்குத் தேன்கூடு, அதாவது கான்கிரீட் சரியா நிரம்பாம ஓட்டை ஓட்டையா நின்னது. கடைசியில சாம்பல் கலர்ல டெக்ஸ்சர் பெயின்ட் அடிச்சு மூடினோம். கடைக்காரர் அந்தப் பெயின்டை ‘வாபி-சாபி’ன்னு, குறையிலயும் பழமையிலயும் அழகு பார்க்கிற ஜப்பானியச் சொல்லைச் சொல்லித்தான் வித்தார். எனக்கு அன்னைக்கு மனசே ஆறல.

மூங்கில்பாலம்:
சைட்வேலை அண்ணே, உங்க வருத்தம் புரியுது. ஆனா கை கூடாததால கருத்தே பொய்னு ஆயிடாது. நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்கு, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தோட ‘கோல்கொண்டா’ விடுதி. அதை வரைந்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட், ரைட் வடிவமைத்த இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக அவரோடு டோக்கியோ போய் அங்கேயே தங்கித் தொழில் செய்தவர். 1937-ல் தொடங்கிய வேலையை சைட்டில் இருந்து பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகாஷிமா, பின்னாளில் மரவேலையில் உலகப் பெயர் பெற்றவர். தெற்கிலும் வடக்கிலும் ஜன்னலே கிடையாது. முழு நீளத்துக்கும் சாய்த்துத் திறக்கும் கிடைமட்டத் தகடுகள். அறைக் கதவு தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவு, காற்று வரும், ஆள் தெரியாது. ஜப்பானின் ஷோஜி என்ற நகரும் கதவில் ஒட்டும் காகிதத்தை அங்கே ஒட்டவில்லை. வெயிலுக்கும் கடல்காற்றுக்கும் ஏற்றபடி அந்தச் சிந்தனையை மாற்றினார்கள்.

சுண்ணாம்புச்சுவர்:
கோல்கொண்டாவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ரேமண்ட் 1919 முதல் பதினெட்டு வருடம் போல ஜப்பானில் இருந்தவர். படத்தைப் பார்த்துச் செய்தவர் இல்லை.

இன்னொன்று. செல்வாக்கு ஜப்பானுக்குள்ளேயே எப்படித் திரிந்தது என்றும் பாருங்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் குமா கெங்கோ வடிவமைத்து 2000-ல் திறந்த பாட்டோ ஹிரோஷிகே அருங்காட்சியகத்தில் கூரைமேலும் மரச்சட்டங்கள். கால் நூற்றாண்டுக்குள் அழுகி உதிர்ந்தன. பழைய தச்சர் மரத்தை அகன்ற கூரைக்கு அடியில் வைப்பார். இங்கே மரமே கூரைமேல் ஏறி மழையில் நின்றது.

மூங்கில்பாலம்:
அழுகுவதைக் குற்றமாகப் பார்ப்பதில்தான் நாம் பிரிகிறோம். ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013-ல்.

சுண்ணாம்புச்சுவர்:
இசேயில் அடுத்த முறைக்குத் தச்சரும் உண்டு, மரம் தரும் காடும் உண்டு. அருங்காட்சியகத்தில் அந்த ஏற்பாடு இருந்ததா? அதை விட்டுவிட்டு மரத்தின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான் மேல்பூச்சு என்கிறேன்.

சைட்வேலை:
ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு வேணும். ஆண்டோவோட சுமியோஷி வீடு, 1976, நடுவுல திறந்த முற்றம். மழை பெஞ்சா படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குக் குடை பிடிச்சுத்தான் போகணும். வீட்டுக்காரர் அதுக்கு ஒத்துக்கிட்டதாலதான் அந்த வீடு நின்னுச்சுன்னு நினைக்கிறேன்.

அடுத்த மாசம் ஒரு காம்பவுண்ட் சுவர், பூச்சு இல்லாம கேட்டிருக்காங்க. இந்தத் தடவை முதல்ல ஆறடிக்கு மாதிரிச் சுவர் ஒண்ணு போடப்போறோம், சென்ட்ரிங் ஆளுக்கு ரெண்டு நாள் கூலி அதிகம் கொடுத்து. பலகை பிரிச்சதும் படம் போடறேன், தேன்கூடு வந்திருந்தாலும்.