சுவிஸ் மலைப் பயணம்: ரயில் பாஸா, வாடகைக் காரா?

வெள்ளவத்தைவாசி:

வரும் ஜூன் மாதம் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, 9 மற்றும் 13 வயதில் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. சூரிச்சில் இறங்கி, பேர்ணில் மனைவியின் அக்கா வீட்டில் சில நாட்கள் தங்குவோம். பிறகு லவுட்டர்புருன்னன், அதன்பின் செர்மாட். யுங்ஃப்ரவ்யோக் பனிமலைக்குப் போகாமல் திரும்புவதில்லை என்று பிள்ளைகள் இப்போதே சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. எங்கள் நாட்டு ரயிலில் ஏறுவதென்றால் நான் கீழே நின்று தாங்க, மனைவி மேலே நின்று கையைப் பிடித்து இழுக்கவேண்டும். அந்த உயரப் படியை நினைத்தாலே அவருக்குப் பயம். அதனால் கார் எடுப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. கொழும்புக் காலி வீதியில் தினமும் ஓட்டுகிறவன் நான், ஓட்டுவதில் தயக்கமில்லை. சகலனோ ரயில் பாஸ் எடுக்கச் சொல்கிறார். ஐந்து பேருக்குப் பாஸ் என்றால் பெரிய தொகை வருமே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை அக்கா:

தம்பி, அம்மாவின் முழங்காலை நினைத்துத்தானே காரை யோசிக்கிறீர்கள்? அதே முழங்காலுக்காகத்தான் நான் ரயில் என்கிறேன். பேர்ணில் நீண்ட காலம் வேலை செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் போகும் இடங்களைப் பாருங்கள். செர்மாட்டுக்குள் வெளியூர்க் கார்கள் நுழைய முடியாது. 5 கிலோமீட்டர் முன்பாக டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு, பெட்டிகளை இறக்கி, அங்கிருந்து ரயிலில்தான் போகவேண்டும். லவுட்டர்புருன்னனுக்குக் கார் போகும். ஆனால் அதற்கு மேலே உள்ள வெங்கன், மியூரன் இரண்டுக்கும் ரயிலும் கேபிள் காரும்தான் வழி. யுங்ஃப்ரவ்யோக்கும் அப்படியே. ஆக, காசு கொடுத்து எடுத்த கார் தரிப்பிடத்தில் நிற்கும். அதற்கும் கட்டணம் கட்டுவீர்கள். ரயில் டிக்கெட்டும் வாங்குவீர்கள்.

படியைப் பற்றிய பயத்தை விடுங்கள். பெரும்பாலான புதிய ரயில்களில் மேடையும் பெட்டியின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தாய்மார் ஏறிவிடுவார்கள். பேர்ணிலிருந்து, செர்மாட் போகும் வழியிலுள்ள விஸ்ப் நகருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு; 2007இல் திறந்த லொட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் 34.6 கிலோமீட்டர், மலையை ஊடறுத்துக்கொண்டு போகிறது. விஸ்பில் மாறினால் அடுத்த ரயில் நேரே செர்மாட் நிலையத்தில் விடும். அம்மா கால் நீட்டி உட்காரலாம், கழிப்பறையும் பக்கத்தில். காரில் அவரை அவ்வளவு நேரம் மடக்கி உட்காரவைப்பது பாவம்.

பணத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. பெற்றோர் பாஸ் எடுத்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். நீங்கள் வாங்கவேண்டியது மூன்று பாஸ்கள்தான். ரயில், மஞ்சள் தபால் பஸ், ஏரிக் கப்பல், நகர டிராம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

பெரிய பெட்டிகளை அக்கா வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மலைக்கு ஆளுக்கொரு சிறிய பை போதும். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் லவுட்டர்புருன்னன் ரயிலில் ஏறும்போது மட்டும் கவனம்: ஸ்வைலூட்சினன் என்ற இடத்தில் ரயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரின்டல்வால்டுக்கும் போகும். பெட்டியிலுள்ள ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். ஐந்து பேரும் ஒரே பாதியில் இருக்கவேண்டும்.

கொட்டாஞ்சேனை சாரதி:

அக்கா சொல்வது அந்த ஊர்களுக்குச் சரி. ஆனால் காரை ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. கிரிம்சல், ஃபுர்கா கணவாய்களைக் காரில் கடப்பது தனி இன்பம். ஃபுர்கா 2,429 மீட்டர். நினைத்த வளைவில் நிறுத்தி, இறங்கிப் பார்க்கலாம். ரயிலில் அது கிடைக்காது. ஆசை இருந்தால் பேர்ணிலிருந்து ஒரே ஒரு நாளைக்குக் கார் எடுங்கள். ஜூன் தொடக்கத்தில் பனியால் அந்தப் பாதைகள் மூடியே இருக்கலாம். திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள்.

அங்கே வலப்பக்க ஓட்டம். நேர்ச்சாலையில் பழகிவிடும், சுற்றுவட்டத்தில்தான் கை பழைய பக்கம் இழுக்கும். தபால் பஸ் ஓடும் மலைச் சாலையில் நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால், பஸ்ஸுக்கே முன்னுரிமை. அதன் சாரதி பின்னால் போகச் சொன்னால் நீங்கள் பின்னால் போகவேண்டும். தானியங்கிக் கியர் வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். சின்னவரின் உயரம் 150 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் 12 வயது வரை சிறுவர் இருக்கை கட்டாயம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

கணக்கர்:

பாஸா காரா என்பதோடு நிற்காதீர்கள். அரைக் கட்டண அட்டை என்று மூன்றாவது வழி உண்டு. ஒரு மாதம் செல்லும். யுங்ஃப்ரவ்யோக்குக்குப் பாஸ் வைத்திருந்தால், வெங்கன் அல்லது கிரின்டல்வால்டுக்கு மேலே 25 சதவீதம்தான் கழிவு. அரைக் கட்டண அட்டைக்கு 50. உங்கள் செலவில் பெரும்பகுதி மலை உச்சி டிக்கெட்டுகளுக்கே போகும். பேர்ணில் அக்கா வீட்டில் சும்மா இருக்கும் நாட்களுக்கும், அடுத்தடுத்த நாட்களுக்கென்று எடுக்கும் தொடர்பாஸ் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்தின் முழுக் கட்டணத்தையும் சுவிஸ் ரயில்வேயின் செயலியில் எழுதியெடுத்து, பாதியாக்கிக் கூட்டி, அட்டையின் விலையைச் சேர்த்துப் பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காரை விட்டுவிட்டோம். கணக்கர் சொன்னபடி இன்றிரவு கூட்டிப் பார்க்கிறேன். அக்கா, அம்மாவை யுங்ஃப்ரவ்யோக்குக்கு அழைத்துப் போகலாமா? இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார்.

தெஹிவளை அக்கா:

அது 3,454 மீட்டர், தம்பி. நமது மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524தான். வைத்தியரைக் கேட்காமல் கூட்டிப்போகாதீர்கள். நீங்களும் பிள்ளைகளும் போகும் நாளில் அம்மா பேர்ணில் அக்காவோடு இருக்கட்டும். ஒய்ரோப்பாபிளாட்ஸில் சமயங்களின் இல்லம் இருக்கிறது. அதற்குள்ளேயே நம்மவர்களின் சிவன் கோயில். டிராமில் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

அம்மாவுக்கும் ஒரு மலை வேண்டுமல்லவா? ரிகிக்கு அழைத்துப் போங்கள். உச்சியே 1,798 மீட்டர்தான், நுவரெலியா நகரத்தைவிடத் தாழ்வு. லூசேர்னிலிருந்து கப்பலில் விட்ஸ்னாவ் போனால், இறங்குதுறைக்கு எதிரிலேயே பற்சக்கர ரயில் நிற்கும், 1871இலிருந்து ஓடுகிறது. பாஸ் எடுப்பதென்றால் கப்பலும் அந்த ரயிலும் அதற்குள் முழுதாக அடங்கும். அரைக் கட்டண அட்டை என்றால் பாதிக் காசு. இதையும் இன்றிரவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.