ஒருத்தர் திருத்தினா மனசு ஏத்துக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

மண்பாண்டம் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சபையில ஆராதனைப் பாட்டு பாடற ஒர்ஷிப் டீம் லீட் பண்றேன், பல வருஷமா. போன வாரம் பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதுக்கப்புறம் டீம்ல இருக்கற ஒரு தம்பி தனியா வந்து, "அண்ணா தப்பா நெனச்சுக்காதீங்க, யாராவது சுருதி விட்டா நீங்க பேசற விதம் அவங்களை நொறுக்கிடுது, ரெண்டு பேர் வரவே பயப்படறாங்க"ன்னு சொன்னான். அவன் ரட்சிக்கப்பட்டு விசுவாசத்துக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. நான் "சரிப்பா, ஜெபத்துல வெச்சுக்கறேன்"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன், ஆனா அப்பலேர்ந்து மனசுக்குள்ள அவன்கூட வழக்காடிக்கிட்டே இருக்கேன், இவனுக்கு என்ன தெரியும், ஆராதனைன்னா ஒரு ஒழுங்கு வேணாமா, இத்தனை வருஷம் யாரும் சொல்லலையே, இப்படியே ஓடுது. அவன் சொன்னது முழுசா சரின்னும் தோணல, முழுசா தப்புன்னும் தள்ள முடியல. தாழ்மையா ஏத்துக்கறதுன்னா சொன்னது எல்லாத்துக்கும் தலையாட்டறதா? நடிக்காம இதை எப்படி பண்றது?

பழைய_விசுவாசி:

பிரதர், முதல்ல அந்த "ஜெபத்துல வெச்சுக்கறேன்". நம்ம ஜனங்க பேச்சை முடிச்சு வைக்கறதுக்கு இதைவிட நல்ல வாக்கியம் கண்டுபிடிச்சதில்ல 😄 கேக்க பக்தியா இருக்கும், ஆனா சொன்னவனுக்கு கதவு சாத்தின சத்தம்தான் கேக்கும். நெஜமாவே ஜெபம் பண்ணியிருந்தா ஓகே, ஆனா நீங்களே எழுதியிருக்கீங்க, வழக்காடிக்கிட்டுதான் இருக்கீங்க.

நீங்க பல வருஷமா லீட் பண்றேன்னு சொன்னதும் எனக்கு யூதாவை ஆண்ட ஆசா ராஜாதான் ஞாபகம் வந்தார். தாவீது ராஜாவோட பாவத்தை நாத்தான் தீர்க்கதரிசி கண்டிச்ச கதையை எல்லாரும் சொல்வாங்க, ஆசாவை யாரும் தொடறதில்ல. பைபிள்ல 2 நாளாகமம் 15ம் 16ம் சேர்த்து ஒரே மூச்சுல வாசிங்க. முதல்ல ஓதேதின் குமாரன் அசரியா வந்து தீர்க்கதரிசனமா பேசறார், ஆசா கேட்டு திடன் கொண்டு அருவருப்பான விக்கிரகங்களை எல்லாம் அகற்றிடறார், சொந்த தாயார் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்துலேர்ந்து எறக்கிடறார். அதெல்லாம் அவரோட 15-ம் வருஷத்தை ஒட்டி. அதே மனுஷன்கிட்ட 36-ம் வருஷத்துல ஞானதிருஷ்டிக்காரர் அனானி வந்து, நீர் கர்த்தரை சார்ந்துக்காம சீரியாவோட ராஜாவை சார்ந்துட்டீர்னு சொன்னா, கோபம் வந்து அவரை காவலறையில போடறார்! கெட்ட ராஜா இல்லைங்க இவர், நல்ல ராஜா. நடுவுல வருஷங்கள்தான் ஓடியிருக்கு. இன்னொண்ணு கவனிங்க, அவர் பண்ண பிளான் சக்சஸ் ஆயிடுச்சு, அந்த சீரியா ராஜா பெனாதாத்துக்கு பணம் அனுப்பினார், யூதாவுக்கு எதிரா வந்த இஸ்ரவேல் ராஜா பாஷா, ராமா ஊரை கட்டறதை நிறுத்திட்டு போயிட்டான். ரிசல்ட் கைமேல இருக்கும்போது கண்டிப்பு காதுலயே ஏறாது. உங்க டீம் நல்லா பாடுதுன்னு சபையே சொல்லும், அது உண்மையாவும் இருக்கலாம், ஆனா அந்த தம்பி பாட்டைப் பத்தி பேசவே இல்லையே.

"இத்தனை வருஷம் யாரும் சொல்லல"ன்னு எழுதியிருக்கீங்க, அதை நான் சாட்சியா எடுத்துக்க மாட்டேன். ரெண்டு பேர் வரவே பயப்படறாங்கன்னா சொல்ல எப்படி வருவாங்க.

கூடாரத்தொழில்:

ரட்சிக்கப்பட்டு கொஞ்ச நாள்தான் ஆகுதுங்கற பாயிண்ட்டுக்கு மட்டும். ஆரம்ப சபையில போதிச்ச அப்பொல்லோ சாதுரியவான், வேதாகமங்கள்ல வல்லவர், ஆனா யோவானோட ஸ்நானம் மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. அவரை தனியா கூட்டிட்டு போய் இன்னும் திட்டமா விளக்கினது யாரு, கூடாரம் பண்ற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அப்போஸ்தலர் 18. அதுக்கப்புறம் அவர் அகாயாவுக்கு போய் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியா இருந்தார்னுதான் வருது, நீங்க யாரு எனக்கு சொல்லன்னு கேட்டதா இல்ல. தம்பியும் எல்லார் முன்னாடியும் கேக்காம தனியாத்தான் வந்திருக்கான், அண்ணான்னு கூப்பிட்டுத்தான் பேசியிருக்கான். சொல்ற முறையில பாதி பேர் கோட்டை விடறாங்க, இவன் விடல.

சிறுமந்தை:

நான் கொஞ்சம் மாறுபடறேன், மன்னிச்சுக்கோங்க. தாழ்மைங்கற பேர்ல வாயை மூட வைக்கறதை நான் நெறைய பாத்திருக்கேன், தலைவர் சொல்லிட்டா அது கர்த்தர் சொன்ன மாதிரி, கேள்வி கேட்டா கலக ஆவின்னு முத்திரை. அதனால கண்டிப்பு எல்லாத்தையும் அப்படியே முழுங்கணும்னு யாரும் இவருக்கு சொல்லிடாதீங்க. ஆசாரியர் ஏலி, ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்த அன்னாளை குடிகாரின்னு நெனச்சு கண்டிச்சார், அது சுத்தமா தப்பு. அன்னாள் பேசாம எழுந்து போயிடல, "அப்படியல்ல, என் ஆண்டவனே"ன்னு மரியாதையாவே விளக்கினா. கஷ்டத்துல இருந்த யோபுவை அவரோட சிநேகிதங்க அத்தனை அத்தியாயம் திருத்தினாங்க, கடைசியில கர்த்தருக்கு கோபம் வந்தது அவங்க மேலதான்.

ஆனா சிஸ்டரா ஒண்ணு சொல்றேன் மண்பாண்டம் பிரதர், அன்னாள் உடனே, அவர் முகத்தைப் பாத்து பதில் சொன்னா. நீங்க சரின்னு சொல்லிட்டு வந்து அவன் இல்லாத இடத்துல வாதாடறீங்க. அவன் தப்பா புரிஞ்சுக்கிட்டது ஏதாவது இருந்தா அதையும் நேர்லயே சொல்லுங்க, சொல்றதுல தப்பே இல்ல, சொல்லாம வெச்சிருந்தா கசப்பாயிடும்.

மண்பாண்டம்:

எல்லாருக்கும் நன்றி. ஆசா மேட்டர் சரியா குத்திடுச்சு. ஒரு சந்தேகம், நான் போய் சாரி கேட்டா அது வாய் வார்த்தையா இல்லாம இருக்கணுமே, மனசு இன்னும் அங்க போய் சேரலையே? அப்புறம் முதல்ல பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் தம்பிகிட்ட பேசலாமான்னு யோசிக்கறேன்.

பழைய_விசுவாசி:

மனசு சேரலைன்னா சாரியை அவசரப்படுத்தாதீங்க. சாமுவேல் தீர்க்கதரிசி கண்டிச்சப்ப சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்"னுதான் சொன்னார், 1 சாமுவேல் 15ல ரெண்டு தடவை. ஆனா ஒண்ணுல ஜனங்களுக்கு பயந்தேன்னு காரணம் ஒட்டிக்கிட்டு இருக்கு, இன்னொண்ணுல மூப்பருக்கு முன்னாடி என்னை கனம்பண்ணும்னு ஒரு கோரிக்கை. தாவீது நாத்தான்கிட்ட பாவஞ்செய்தேன்னு சொன்னதுல இப்படி ஒட்டின வாலே கிடையாது. அதுமட்டுமில்ல, நாத்தானை அவர் தள்ளியும் வைக்கல, 1 இராஜாக்கள் 1ல தாவீது கிழவராகி படுக்கையில கிடக்கும்போது சாலொமோன் விஷயத்தை பேச உள்ள வர்றது அதே நாத்தான்தான். திருத்தினவனை அப்புறம் எவ்வளவு கிட்ட வெச்சுக்கறோம்ங்கறதை வெச்சு நான் பார்ப்பேன். அந்தியோகியாவுல எல்லாருக்கும் முன்னாடி பவுல்கிட்ட கண்டிப்பு வாங்கிக்கிட்ட பேதுரு, பிற்பாடு எழுதும்போது "பிரியமான சகோதரனாகிய பவுல்"ங்கறார்.

அதனால இப்போதைக்கு தம்பிகிட்ட சாரிக்கு பதிலா கேள்வி எடுத்துட்டு போங்க. "நீ சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருக்கேன், எந்த எந்த நேரத்துல அப்படி நடந்தது, சொல்லு"ன்னு கேளுங்க. அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் விளக்கம் கொடுக்காதீங்க, அதுதான் கஷ்டம், நாக்கு துடிக்கும். சம்பவம் சம்பவமா கேட்டா எது நெஜம் எது அவன் மிகைப்படுத்தினதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், மன்னிப்பு கேக்க வேண்டியது அந்த ரெண்டு பேர்கிட்டன்னாலும் அப்பத்தான் தெரியும்.

பாஸ்டர்கிட்ட இப்ப வேணாம். அவன் தனியா வந்தான், மத்தேயு 18:15 சொல்றபடி. அதை நீங்க மேல கொண்டு போனா, நல்ல எண்ணத்துல போனாலும், அவனுக்கு அது கம்ப்ளெயிண்ட்டாதான் தெரியும், அடுத்த தடவை யாரும் உங்ககிட்ட வர மாட்டாங்க. பேசி முடிச்சதும் டீம் விஷயமா ஏதாவது மாத்தணும்னா அப்ப அவரையும் சேர்த்து உட்காருங்க.

கூடாரத்தொழில்:

+1. அடுத்த பிராக்டிஸுக்கு முன்னாடியே பேசிடுங்க பிரதர், முடிஞ்சப்புறம்னு வெச்சா அன்னைக்கும் யாராவது சுருதி விடுவாங்க 🙂