புதுப்பிப்பு: பருந்து–புறா பாடம் என்ன ஆச்சு?

போன வாரம் கேட்டிருந்தேன்: "இனம் அழியக்கூடாதுன்னுதான் விலங்குகள் சாகும்வரை சண்டை போடுறதில்லை" என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள், எப்படி மாற்றுவது என்று. நீங்கள் சொன்னபடி நெட்லோகோ என்ற கணினி உருவகப்படுத்தல் மென்பொருளில் ஓட்டிக் காட்டினேன்.

பரிணாம ஆய்வாளர்கள் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973இல் எழுதிய மாதிரியின் எளிய வடிவம்தான். இரை கிடைத்தால் 40 புள்ளி, காயம்பட்டால் 100 புள்ளி இழப்பு. பருந்து, புறா என்பவை இங்கே பறவைகள் அல்ல, ஒரே இனத்துக்குள் இருக்கும் இரண்டு சண்டை உத்திகள். பருந்து மோதும், புறா முறைத்துவிட்டு விலகும். எல்லாமே புறா என்றால் ஆளுக்குச் சராசரி 20. அதில் ஒரேயொரு பருந்தை விட்டோம். அது எதிர்ப்பட்ட புறாவிடமெல்லாம் 40 புள்ளி அள்ளியது. அதன் வாரிசுகள் பெருகின. பருந்தும் பருந்தும் மோதிக் காயப்படுவது கூடக்கூட, பருந்துகள் ஏறக்குறைய 40 சதவீதம் ஆனதும் ஏற்றம் நின்றது. அங்கே இரண்டுக்கும் சராசரி வெறும் 12.

"அப்போ எல்லாருக்கும் நஷ்டம்தானே சார், ஏன் திரும்பிப் போகல?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும். இனத்தின் நன்மையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்பதை அவளே அடுத்த நிமிடம் சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு திருத்தம். எப்போதும் 40 சதவீதத்தில்தான் நிற்கும் என்று முன்பு எழுதியிருந்தேன், தவறு. 20 விலங்குகளை மட்டும் வைத்து ஓட்டிய குழுவில் தற்செயலாகப் பருந்துகளே அற்றுப்போயின. ஆயிரம் வைத்தால்தான் 40ஐ ஒட்டி ஆடுகிறது.

அடுத்து, இடத்துக்கு முதலில் வந்தவன் மட்டும் மோதும் உத்தியைச் சேர்க்கப் போகிறோம்.