எச்.சி.எம். இருந்தால் வாலிபாலை விட்டே ஆகணுமா?

நெட்டோரம்19:
கல்லூரி டீமில் அட்டாக்கர், வயது 19. போன வருடம் என் தாய்மாமா 41 வயதில் மோட்டார் போடப் போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்துவிட்டார். அப்புறம் வீட்டில் எல்லோரும் எக்கோ எடுத்ததில் அம்மாவுக்கும் எனக்கும் எச்.சி.எம். (இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்) என்று வந்தது. எனக்கு இதயச் சுவர் 17 மி.மீ. ஐந்து செட் ஆடினாலும் ஒரு தொந்தரவும் கிடையாது. டாக்டர் "விளையாட்டை விட்டுடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோச்சோ, ஆடுகிறவனுக்கு இதயம் பெரிதாகத்தான் இருக்கும் என்கிறார். அடுத்த மாதம் போட்டி. யார் பேச்சைக் கேட்பது?

எக்கோ_ரூம்:
தம்பி, கோச் சொல்வது பாதிதான் சரி. பயிற்சியால் சுவர் தடிக்கும், ஆனால் 13, 14 மி.மீ.க்கு மேல் போவது அபூர்வம். அம்மாவுக்கும் இருக்கும்போது 17ஐ பயிற்சி தலையில் கட்ட முடியாது. ஒரு எக்கோவோடு நிறுத்தாதே: தசையில் தழும்பு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ., துடிப்பு தாறுமாறாகிறதா என்று ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே இ.சி.ஜி. பதியும் கருவி), டிரெட்மில், முடிந்தால் மரபணுப் பரிசோதனை. மாமா 50 வயதுக்குள் திடீரென்று போனதை டாக்டரிடம் அழுத்திச் சொல், ஐ.சி.டி. (துடிப்பு தவறினால் ஷாக் கொடுக்க உடலுக்குள் வைக்கும் கருவி) வைப்பதா என்று முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

பழைய_ஸ்டாப்பர்:
தொந்தரவு இல்லை என்பதை நம்பாதே தம்பி. 2003 ஜூனில் லியோன் மைதானத்தில் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோயே 72வது நிமிடத்தில் பக்கத்தில் யாருமே இல்லாமல் விழுந்தார், பிரேதப் பரிசோதனையில் இதே நோய்தான். அன்று டிவியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஷட்டில்34:
எனக்கும் இதேதான். இப்போது எல்லோருக்கும் ஒரே தடை என்று வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை; அனுபவமுள்ள நிபுணரோடு உட்கார்ந்து பேசி முடிவெடு என்கின்றன. 2023இல் வந்த ஆய்வில் 1,660 பேரைச் சுமார் 3 வருடம் கவனித்தார்கள், கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இல்லை. அதற்காக உடனே ஷூவை மாட்டாதே, அவர்களில் பலரும் நல்ல கண்காணிப்பில் இருந்தவர்கள். நோயின் பெயரும் முக்கியம். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் டெய்லர் 2016இல் 26 வயதில் ஓய்வு பெற்றது ஏ.ஆர்.வி.சி. என்ற வேறொரு இதயத் தசை நோயால், அதில் ஓட ஓட நோய் முற்றும். நான் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) போட ஆரம்பித்ததும் ஸ்மாஷில் பாதி வேகம் போய்விட்டது, கடுப்பாகத்தான் இருந்தது. இப்போது டபுள்ஸ் மட்டும். ஆமாம், உங்கள் கிரவுண்டில் ஏ.இ.டி. (இதயம் நின்று விழுந்தவருக்கு வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் கருவி) இருக்கிறதா?

நெட்டோரம்19:
இன்று போய்ப் பார்த்தேன் அண்ணா. முதலுதவிப் பெட்டியில் ஒரு வலி ஸ்ப்ரே, காலியான டிஞ்சர் பாட்டில், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.க்கு வியாழக்கிழமை தேதி வாங்கியிருக்கிறேன், இந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை.