பொருள்: ‘செக்டு’, ‘நாட் செக்டு’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்கான லினக்ஸ் வகுப்பு இங்கே திங்கள்கிழமை தொடங்குகிறது. முழுக்கத் தமிழ் இடைமுகம், திரையை வாசிக்க ஓர்கா, குரலுக்கு ஈஸ்பீக். ஓர்காவின் பிஓ கோப்பு, அதாவது மொழிபெயர்ப்புக் கோப்பு, கிட்டத்தட்ட முடிந்தது. இடறுவது ஒரே ஒரு இணை: திரையில் உள்ள தேர்வுப்பெட்டியில் டிக் இருந்தால் ஓர்கா சொல்வது ‘செக்டு’, இல்லாவிட்டால் ‘நாட் செக்டு’. ‘தேர்ந்தெடுக்கப்பட்டது’, ‘தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறோம். ‘செலக்டட்’டுக்கும் அதே சொல்தான் வருகிறது, பட்டியலில் ஒன்றின் மேல் நிற்பதும் பெட்டியில் டிக் போடுவதும் ஒன்றல்லவே. ஞாயிறு இரவு கோப்பை மூட வேண்டும். கருத்து சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து:

மக்கா, சரத்துக்குச் சரம் (கோப்பில் உள்ள ஒவ்வொரு சொல்தொடருக்கும்) ‘படு’ போட்டு நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பழந்தமிழில் ‘தெரிதல்’ என்றாலே ஆய்ந்து எடுத்துக்கொள்வது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று மூன்று அதிகாரங்கள் அந்தச் சொல்லிலேயே தொடங்குகின்றன. தெரி, தேர், தெளி, தெருள் நான்கும் ஒரே வேரின் கிளைகள் என்பது நான் நெடுநாளாகச் சொல்லிவரும் கருத்து. இலங்கைத் தமிழர் ‘தெரிவு’ என்பதை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘தெரிந்தது’, ‘தெரியாதது’. சுருக்கமும் உண்டு, மரபும் உண்டு.

கருங்கல்லிலிருந்து:

சார், இலக்கணத்தில் உங்களோடு நான் வாதிட வரவில்லை. ஆனால் இந்தச் சொல் காதுக்குப் போகிற சொல். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள்; என் வேலை முழுக்க ஸ்கிரீன் ரீடரோடுதான். ஒரு இயந்திரம் பெட்டிக்குப் பெட்டி என்னிடம் ‘தெரியாதது, தெரியாதது’ என்று சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியாது. என் மாணவர்களிடமும் சொல்ல விடமாட்டேன்.

நாங்கள் எப்படிக் கேட்கிறோம் என்று சொல்கிறேன். டேப் விசையைத் தட்டியதும் ‘புளூடூத், தேர்வுப்பெட்டி’ என்று குரல் ஓடத் தொடங்கும். வேண்டியது காதில் விழுந்த கணமே அடுத்த விசையைத் தட்டுவோம். பேச்சு அங்கேயே அறுந்து அடுத்ததற்குத் தாவும். வேகமாக வேலை செய்கிற யாரும் ஒரு வாக்கியத்தையும் முழுசாகக் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் ‘நாட்’ முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழில் எதிர்மறை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘தேர்ந்தெடுக்கப்ப’ வரை இரண்டு சொல்லும் ஒன்றுதான். ‘ட்டது’வா ‘டவில்லை’யா என்று கேட்கக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். குரலின் வேகத்தைக் கூட்டினால் முதலில் மழுங்குவதும் அந்த வால்தான். அமைப்புகள் பக்கம் ஒன்றில் இருபது பெட்டி இருந்தால் இருபது தடவையும் இதே பாடு.

என் கோரிக்கை ஒன்றுதான். முதல் அசையிலேயே இரண்டும் வேறாகக் கேட்க வேண்டும். அது வேர்ச்சொல்லாக இருந்தாலும் சரி, கடைத்தெருச் சொல்லாக இருந்தாலும் சரி.

குழித்துறையிலிருந்து:

அக்கா சொன்னதற்குப் பிறகு விடை நம் வாயிலேயே இருக்கிறது. ‘சாயா உண்டா?’ ‘உண்டு.’ ‘பஸ் உண்டா?’ ‘இல்லை.’ இதையே போடுவோம்: உண்டு, இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘திரை வாசிப்பான்’ என்று எல்லாரும் எழுதுகிறோம். அந்த நிரல் வாசித்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை, நமக்குச் சொல்கிறது. விளவங்கோட்டுப் பக்கம் சொல்வதைப் ‘பறைதல்’ என்கிறோம். மலையாளம் என்று பள்ளிக்கூடத்தில் திருத்துவார்கள். யாழ்ப்பாணத்துக்காரரும் ‘பறையிறது’ என்கிறார்களே, அவர்களுக்கு எந்த மலையாளம்? ‘திரைபறைவி’ என்று வைத்தால் என்ன? அதங்கோட்டாசான் முன்னால்தான் தொல்காப்பியம் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் அதங்கோடுதான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவர் அந்த நூலைக் காதால் கேட்டுத்தானே ஏற்றுக்கொண்டார்!

தக்கலையிலிருந்து:

கருங்கல் டீச்சரின் காரணம் வலுவானது. ‘தெரி’யைத் திரும்பப் பெறுகிறேன். காதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: தொல்காப்பியம் உயிர்களை அறிவு வாரியாக அடுக்கும்போது முதலில் தொடுவுணர்வு, பிறகு நா, மூக்கு, கண், அதற்கும் மேலே ஐந்தாவதாகச் செவி. கண்ணுக்கு மேலே செவியை வைத்த மரபு நமது.

உண்டு, இல்லை இரண்டுக்கும் நன்னூல் சான்றும் தருகிறேன். ‘வேறு, இல்லை, உண்டு’ மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது. ஒருமை, பன்மை என்று சரத்தைப் பிரிக்க வேண்டிய தொல்லையே இல்லை.

‘பறை’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன். முரசுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு நான்கு வரியில் அடங்காது.

கருங்கல்லிலிருந்து:

‘உண்டு, இல்லை’யைப் போட்டு எங்கள் மையத்தில் ஒரு மாணவியைக் கேட்க வைத்தேன். ‘புளூடூத், தேர்வுப்பெட்டி, இல்லை’ என்றது. “இந்தக் கம்ப்யூட்டரில் புளூடூத் கிடையாதா மிஸ்?” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. வசதி இல்லையா, டிக் இல்லையா என்று அந்தச் சொல் சொல்லவில்லை. ‘டிக் உண்டு, டிக் இல்லை’ என்று நீட்டினால் முதல் அசை மறுபடி ஒன்றாகிவிடும்.

குளச்சலிலிருந்து:

பிரெய்ல் பக்கத்தையும் பாருங்கள். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி தனிக் கட்டம், உயிர்க்குறி தனிக் கட்டம். ‘தேர்ந்தெடுக்கப்படவில்லை’ 20 கட்டங்களுக்கு மேல் தின்கிறது. திரையில் உள்ளதை விரலால் தடவிப் படிக்க உதவும், 40 கட்டம் உள்ள பிரெய்ல் டிஸ்பிளேயில் பாதி இந்த ஒரு சொல்லுக்கே போனால் பெட்டியின் பெயரை எங்கே காட்டுவது? ஓர்கா பிரெய்லில் இதைக் குறியால் காட்ட முடியும் என்பது தெரியும்; ஆனால் மற்ற நிரல்களும் நம் சொல்லை எடுத்துக்கொள்ளும்.

என் முன்மொழிவு: டிக், காலி. ‘புளூடூத், பெட்டி, காலி.’ வசதி இல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ‘தேர்வுப்பெட்டி’யையும் ‘பெட்டி’ என்றே குறைத்துவிடலாம். ‘பார்ஷியலி செக்டு’ என்று மூன்றாவது நிலை ஒன்றும் இருக்கிறது, அதற்கு ‘அரை’.

தக்கலையிலிருந்து:

டிக் ஆங்கிலம், காலி அரபு. தமிழ் இடைமுகம் என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு நிலைக்கும் இரண்டு கடனா? ‘வெறிது’ என்று நமக்கு அழகான சொல் இருக்கிறது. குறி, வெறிது.

கருங்கல்லிலிருந்து:

சார், ‘வெறிது’ என்றால் என்ன என்று முதல் நாளே வகுப்பு நின்றுவிடும். பஸ் சீட் காலி, குடம் காலி என்று பிறந்ததிலிருந்து கேட்ட சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். கணினியே புதிது, விசைப்பலகையே புதிது. அதற்கு மேல் சொல்லும் புதிதாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்? தூய்மையின் விலையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

மணி பத்தாகப் போகிறது. டிக், காலி, அரை என்று போட்டுக் கோப்பை மூடுகிறேன். கருங்கல்லும் குளச்சலும் ஆதரவு. குழித்துறை அண்ணன் தொலைபேசியில் “சரி, ஆனால் உண்டுதான் நல்லது” என்றார். தக்கலை சார் மறுப்பு. ‘திரைபறைவி’யை அடுத்த சுற்றில் பார்ப்போம்.

தக்கலையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘காலி’யை விட்டுத்தருகிறேன், ‘டிக்’கை விடமாட்டேன். அங்கே ‘குறி’ போதும்.

கருங்கல்லிலிருந்து:

குறி, காலி இரண்டும் ககரத்தில் தொடங்குகின்றன சார்.

தக்கலையிலிருந்து:

உயிர் வேறு, டீச்சர். ஒன்று குறில் உகரம், மற்றது நெடில் ஆகாரம். ஒலியைச் சுமப்பது உயிர்தான். திங்கட்கிழமை உங்கள் மாணவிக்கு இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அவள் தடுமாறினால் சொல்லுங்கள், அதுவரை என் மறுப்பு நிற்கட்டும்.