கேஸ் மாத்திரையும் நெஞ்செரிச்சலும்: கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

கல்வம்
இரண்டு மாதத்துக்கு எழுதிய, அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையான பான்டோபிரசோல் 40 மி.கி. வருஷக்கணக்கில் ஓடுவது மருந்துக் கவுன்டரில் புதுசில்லை. மறக்க முடியாதது ஒரு அம்மாவின் கேள்விதான். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தி நாலைந்து நாள் ஆகியிருந்தது. நெஞ்சுக்குழியில் கையை வைத்துக்கொண்டே கேட்டார்: "நிறுத்தினா இப்படிக் காந்துதே, நோய் முத்திப்போச்சா?"

முத்தவில்லை. வயிற்றில் அமிலம் குறைந்தே கிடந்தால் உடம்பு, அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின் ஹார்மோனை ஏற்றிக்கொண்டே போகும். மாத்திரை நின்றதும் தடுக்க ஆளில்லாமல் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 2009-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்கு இதே வகை மாத்திரையான எசோமெப்ரசோல் 40 மி.கி. 8 வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. வெற்று மாத்திரை எடுத்த பிரிவில் 15 சதவீதம்தான்.

அதனால் படிப்படியாக இறங்குவது நல்லது. 40-லிருந்து 20-க்கு வந்து இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். நடுவில் காந்தினால், வயிற்றில் உள்ளதன் மேல் மிதந்து மூடும் ஆல்ஜினேட் சிரப். 40 மாத்திரையைப் பாதியாக உடைத்து 20 ஆக்காதீர்கள். மேல்பூச்சு குடலில் போய்க் கரைய வேண்டியது. உடைத்தால் மருந்து வயிற்று அமிலத்திலேயே சிதைந்துவிடும். 20 என்று தனியாகவே வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரவுஷிஃப்ட்
பல வருஷமா ஒமிப்ரசோல் (இதுவும் அதே வகை கேஸ் மாத்திரைதான்), கூடவே பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை. கெண்டைக்கால் இழுக்குதுன்னு வந்த பெரியவர். பிபி பட்டையைக் கட்டி இறுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டதும் மணிக்கட்டு தானா மடங்கிடுச்சு. கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ள போக, மத்த விரலெல்லாம் நீண்டு விறைச்சுக் குவிஞ்சு நின்னுச்சு. பக்கத்துல இருந்த மகன் பக்கவாதம்னு அலறிட்டார்.

ரத்தத்துல மெக்னீசியம் பாதாளத்துல, கால்சியமும் கீழ. மெக்னீசியம் ரொம்பக் குறைஞ்சா கால்சியத்தைப் பார்த்துக்கற பாராதைராய்டு சுரப்பி படுத்துக்கும், அதனால கால்சியத்தை மட்டும் ஏத்தினா நிக்காது. மெக்னீசியம் டிரிப் போட்டா ஏறும், ரெண்டு நாள்ல திரும்ப இறங்கும். ஒமிப்ரசோலை நிறுத்தினப்புறம்தான் நிலைச்சுது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லயே இதை எச்சரிச்சாச்சு. ஒரு வருஷம் தாண்டி எடுக்கறவங்க, அதுலயும் நீர் மாத்திரையோ, டிகாக்சின்ங்கற இதய மாத்திரையோ கூட எடுக்கறவங்க, மெக்னீசியம் ஒருதடவை பார்த்துக்கணும். வழக்கமான ரத்தப் பரிசோதனைப் பட்டியல்ல பெரும்பாலும் அது இருக்காது, தனியாக் கேட்டு எழுதி வாங்கணும்.

குழல்கேமரா
மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் இப்படியே எழுதிக்கொண்டு போனால் நாளைக்குப் பாதிப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போடுவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் எடுப்பவர் ஒருவர். "கேஸ் மாத்திரை தின்றால் மறதி நோய்" என்று யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துப் பான்டோபிரசோலை மட்டும் நிறுத்தினார். தார் மாதிரிக் கருத்த மலத்தோடு அழைத்து வந்தார்கள். எண்டோஸ்கோபியில் குடல்புண், நடுவில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

மறதி, சிறுநீரகம், எலும்பு முறிவு என்று வரும் பயமுறுத்தல்களில் பெரும்பகுதி, மாத்திரை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் வெளியிலிருந்து ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. எடுப்பவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்பதை அவற்றால் முழுசாகக் கழித்துவிட முடியாது. 2019-இல் வந்த காம்பஸ் ஆய்வில் 17,500-க்கும் அதிகமானோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சுமார் மூன்று வருஷம் ஒரு பிரிவுக்குப் பான்டோபிரசோல் 40 மி.கி., இன்னொரு பிரிவுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான்: வெற்று மாத்திரைப் பிரிவில் 1.0 சதவீதம், பான்டோபிரசோல் பிரிவில் 1.4.

பாரெட்ஸ் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்பூச்சு மாறிப்போன நிலை) உள்ளவர்கள், உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர்கள், ரத்தக்கசிவு அபாயத்தோடு வலி மாத்திரையோ ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு ஒமிப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஆகாது, அதைச் செயல்பட வைக்கும் நொதியையே தடுத்துவிடும். மாற்றுவதென்றால் பான்டோபிரசோல்.

இரவுஷிஃப்ட்
அது மூணு வருஷ ஆய்வு சார். மேல சொன்ன பெரியவர் மாதிரி ஆளுங்க பத்து வருஷமாத் தின்னுட்டிருக்காங்க. நிறுத்தச் சொல்லலையே, ரத்தம் பார்க்கத்தானே சொன்னேன்.

தலைமாடு
படுத்தால் தொண்டைவரைக்கும் புளிப்பு ஏறுகிறது என்று மூன்று தலையணை அடுக்கித் தூங்கிய ஒருவர், கழுத்துவலிக்கும் சேர்த்து மாத்திரை கேட்டார். அவ்வளவுதான் கதை. யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தலையணை அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கும், வயிறு அமுங்கும், அமிலம் இன்னும் மேலே தள்ளப்படும். உயர வேண்டியது கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் மரக்கட்டை வையுங்கள். கட்டையின் மேல்பக்கம் சின்னதாகக் குழி தோண்டினால்தான் கால் வழுக்காது. தரையில் படுப்பவர்களுக்கும் பெட்டிக் கட்டில்காரர்களுக்கும் சரிவுமெத்தை. அது தோளோடு நிற்காமல் இடுப்பு வரை நீள வேண்டும். வழுக்கும் துணி விரித்தால் விடியும்போது கால்மாட்டில் கிடப்பீர்கள்.

இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். அப்போது உணவுக்குழாய் வாய் வயிற்று அமிலத்துக்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் அமிலத்துக்குள்ளேயே இருக்கும். கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி. பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள். ஆல்ஜினேட் 10 மி.லி. சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்போதும். குடித்த கையோடு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்காதீர்கள். மேலே மிதந்து மூடும் படலம் கலைந்துவிடும். அதில் சோடியம் உண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கவனம். எடை கூடியிருந்தால், குறைத்தாலே பலருக்கு மாத்திரையின் தேவை இறங்கும். காபியையும் காரத்தையும் எல்லோரும் விட வேண்டியதில்லை, எது ஏறுகிறதோ அதை மட்டும் விட்டால் போதும்.

அளவுக்கரண்டி
கட்டிலைத் தூக்குவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மாத்திரை கேட்கவில்லை என்று இரண்டாக ஏற்றப்பட்ட ஒருவரிடம் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சாப்பிட்டு முடிச்சு, படுக்கும்போது" என்றார். இரட்டை அளவும் அப்படியேதான். இந்த மருந்து, வேலை செய்துகொண்டிருக்கும் அமிலப் பம்புகளை மட்டும்தான் பூட்டும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட்டால், பம்புகள் விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்கும். முழுப் பலன் வர சில நாள் ஆகும். முதல் நாளே கேட்கவில்லை என்று அளவை ஏற்றாதீர்கள்.

விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, ரத்த வாந்தி வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத்திணறலோடு நெஞ்சுவலி என்றால் அவசர சிகிச்சைக்கு.

கல்வம்
இன்னொன்று விட்டுப்போச்சு. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் இந்த மாத்திரையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கும் எடுத்திருக்கக் கூடாது. கிருமியின் எண்ணிக்கை குறைந்து, இருந்தும் இல்லை என்று வரும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டே போய் ஊதிவிட்டு, நெகட்டிவ் சீட்டோடு வருகிறவர்கள் இப்போதும் உண்டு. யாரை எப்போது நிறுத்தச் சொல்லலாம் என்பதற்கு மேலே குழல்கேமரா போட்ட பட்டியல் இங்கேயும் பொருந்தும்.