ஜல்லி ஒட்டியதும் இரைச்சல் திரும்பிவிட்டது: கார்க்கை விட்டு ஃபோமுக்கு மாறலாமா?

புதுத்தடம்:
எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் லேஅவுட் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடியில் 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 5 மி.மீ. கார்க் பட்டை, அதற்கும் மேல் கோட் 83 (தண்டவாள உயரம் 0.083 அங்குலம்) ஃப்ளெக்ஸ் ட்ராக், அதாவது வளைக்கக்கூடிய தடம். ட்ராக்கைச் சின்ன ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறேன். வண்டி விட்டுப் பார்த்தபோது சத்தம் பரவாயில்லை. அப்புறம் ஒரு நேர்ப்பகுதியில் மட்டும் ஜல்லி பரப்பி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அது காய்ந்ததிலிருந்து எஞ்சின் அங்கே நுழைந்தாலே பலகை தவில் மாதிரி அதிர்கிறது. ஜல்லி இல்லாத இடங்களில் முன்பு போலவே இருக்கிறது. கார்க்தான் சரியில்லையா? மீதிக்கு ஃபோம் பட்டை போடலாமா, இல்லை காகிதக் கூழ்ப் பலகையா? பாயிண்ட்கள் (தடம் பிரியும் இடங்கள்) எதையும் இன்னும் பதிக்கவில்லை.

சிக்னல்கம்பம்:
ஜல்லியின் சரிவு கார்க்கைத் தாண்டி பிளைவுட்டைத் தொடுகிறதா? ஆணிகள் பிளைவுட் வரை இறங்கியிருக்கின்றனவா?

புதுத்தடம்:
இரண்டுக்குமே ஆமாம்.

சிக்னல்கம்பம்:
அப்படியானால் கார்க்கைக் குறை சொல்ல வேண்டாம். ஆணி முன்பும் இருந்தது, அப்போது சத்தம் குறைவு. புதிதாக வந்தது பசை மட்டும்தான். வெள்ளைப் பசை காய்ந்தால் கல்லாக இறுகும். ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை), ஜல்லி, பிளைவுட் மூன்றும் ஒரே கட்டியாகிவிட்டன. நடுவில் மெத்தென்று கார்க் இருந்தும் அதிர்வு பக்கவாட்டுச் சரிவு வழியாகப் பலகைக்கு இறங்கிவிடுகிறது. ஃபோம் போட்டு அதே பசையை ஊற்றினாலும் இதே கதைதான்.

ஒட்டிய ஜல்லியை எடுப்பது கஷ்டமில்லை. வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ஜல்லி மேல் மட்டும் நனையும்படி விட்டுக் காத்திருங்கள். பசை இளகியதும் சுரண்டி எடுத்துவிடலாம். நிறைய ஊற்றினால் பிளைவுட் ஊறி வளையும், கவனம். மறுபடி ஒட்டும்போது காய்ந்தும் நெகிழ்வாக இருக்கும் மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) அல்லது லேட்டக்ஸ் வகைப் பசை வாங்குங்கள். ஜல்லி கார்க்கின் சரிவோடு நிற்கட்டும், பிளைவுட்டில் வழிய விடாதீர்கள். ட்ராக்கை அக்ரிலிக் கால்க்கை (இடுக்குகளை அடைக்கும் பசை) மெல்லிசாகத் தடவி ஒட்டி, அது பிடித்ததும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். ஆணியும் அதிர்வைக் கீழே கடத்தும் வழிதானே.

மரத்தூள்:
பசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் பலகையையும் பாருங்கள். அடியில் குறுக்குச் சட்டங்களுக்கு எவ்வளவு இடைவெளி? 40 சென்டிமீட்டருக்கு மேல் வெறுமையாக இருந்தால் பிளைவுட் சும்மாவே அதிரும். அங்கே ஒரு சட்டம் கூடுதலாகக் கொடுங்கள்.

ஃபோம் பற்றி: மெத்தென்ற ஃபோம் பட்டை சத்தத்தை நன்றாகவே அடக்கும், வளைவுகளிலும் எளிதாகத் திரும்பும். ஆனால் ஆணியைப் பிடிக்காது. கொஞ்சம் அழுத்தி அடித்தால் ஸ்லீப்பர் கீழே அமுங்கி, ட்ராக் அலை அலையாகிவிடும். பாயிண்ட் அடியில் நான் போடவே மாட்டேன். வண்டி ஏறும்போது ஒரு பக்கம் தாழ்ந்து, நாக்கு ரயில் (பாயிண்ட்டில் நகரும் கூர்முனைத் தண்டவாளம்) சரியாகச் சேராமல் போனால் தடம்புரள்வதற்கு வேறு காரணம் வேண்டாம்.

ஹோமசோட் போன்ற காகிதக் கூழ்ப் பலகை, தண்டவாளத்தைக் கையாலேயே ஆணியடித்துப் பதிப்பவர்களுக்கு அருமை, ஆணியைக் கெட்டியாகப் பிடிக்கும். வெட்டும்போது வரும் தூசிக்கு முகக்கவசம் போட்டுத்தான் ஆக வேண்டும். ஈரக்காற்று பட்டால் உப்பக்கூடும் என்பதால் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. ரெடிமேட் ஃப்ளெக்ஸ் ட்ராக் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு?

புதுத்தடம்:
சட்ட இடைவெளி ஒரு பக்கம் 60 செ.மீ. இருக்கிறது! கார்க்கிலேயே தொடர்கிறேன். பாயிண்ட் அடியில் கார்க் பட்டைகளை எப்படிப் பிரித்து வைப்பது? இன்னொன்று, யார்டில் (வண்டிகளை நிறுத்திவைக்கும் தடங்களில்) கார்க் வேண்டுமா?

சிக்னல்கம்பம்:
பாயிண்ட்டுக்குப் பட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே தடிமனில் கார்க் ஷீட் வாங்கி, பாயிண்ட்டை மேலே வைத்து வரைந்து வெட்டுங்கள். மற்ற இடங்களில் முதலில் மையக்கோடு வரைந்து, நீளவாக்கில் பிரித்த இரு பாதிப் பட்டைகளையும் சரிவு வெளிப்பக்கம் இருக்கும்படி கோட்டுக்கு இருபுறமும் ஒட்டுங்கள். இரண்டு பாதிகளின் இணைப்பும் ஒரே இடத்தில் வர வேண்டாம். ஒட்டிக் காய்ந்ததும் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மேற்பரப்பை ஒருமுறை தேய்த்துவிடுங்கள். சின்ன மேடு இருந்தால்கூட ட்ராக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிஜ ரயில்வேயிலும் யார்டு தடம் பெரும்பாலும் மெயின் லைனைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். அதனால் யார்டில் 2 அல்லது 3 மி.மீ. ஷீட் போதும். 5 மி.மீ.யிலிருந்து இறங்கும் இடத்தைத் திடீரென்று வெட்டாமல் 30 செ.மீ. நீளத்துக்காவது சரிவாகத் தேய்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) கழன்றுவிடும். அந்தச் சரிவில் பாயிண்ட் எதுவும் வராதபடி இப்போதே பிளானில் குறித்துக்கொள்ளுங்கள்.